பதினான்கு அங்குலம் யார் தோளுக்கு?

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்கென்று ஒருவர் ஷாட்கன் வாங்கப் போனால், கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் ரெமிங்டன் 870ஆகவோ மாஸ்பெர்க் 500 வகையாகவோ இருக்கும். முன்னது 1950இல் சந்தைக்கு வந்தது. பின்னது ஏறக்குறைய பத்தாண்டு கழித்து வந்தது. இரண்டுமே தலா ஒரு கோடிக்கு மேல் தயாரானவை. குழல் எத்தனை அங்குலம், எத்தனை தோட்டா போடலாம், விளக்கு மாட்ட இடம் இருக்கிறதா என்றெல்லாம் வாங்குபவர் விசாரிப்பார். தோளில் பதியும் கட்டை தன் உடம்புக்குச் சரியான நீளம்தானா என்பதைப் பெரும்பாலும் கேட்க மாட்டார். விசையின் முகப்பிலிருந்து கட்டையின் பின்முனை நடுப்புள்ளி வரை நேர்கோட்டில் அளந்தால் வரும் தூரத்தை அங்கே ‘லெங்த் ஆஃப் புல்’ என்கிறார்கள். நாம் கட்டை நீளம் என்றே சொல்லிக்கொள்வோம். மேலே சொன்ன இரண்டு துப்பாக்கிகளிலும் அது 14 அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. அந்த 14 அங்குலம் வேறொரு வேலைக்காக, வேறொரு நிற்கும் முறைக்காக, ஏறத்தாழ ஒரே உடல்வாகுள்ள ஆண்களுக்காக உருவான அளவு. வீட்டுக்குள் உயிர் காக்க வைத்திருக்கும் துப்பாக்கிக்கு அது பெரும்பாலோர் விஷயத்தில் ஓர் அங்குலமாவது அதிகம். எந்த அளவு என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் குட்டையான பக்கமே சாய வேண்டும் என்பதுதான் என் முடிவு. வீட்டில் துப்பாக்கி இருக்கலாமா என்பது இதற்கு முந்தைய கேள்வி, இதைவிடக் கனமான கேள்வியும்கூட. இங்கே நான் எடுத்துக்கொள்வது, வைத்துக்கொள்வது என்று தீர்மானித்துவிட்ட வீட்டைப் பற்றி மட்டும்.

அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெளிவாகிவிடும். ஷாட்கன் பிறவியிலேயே பறவை வேட்டைத் துப்பாக்கி. லண்டனில் பர்டி, ஹாலந்து அண்ட் ஹாலந்து போன்ற பழைய பட்டறைகளில் வாடிக்கையாளரை நிற்க வைத்து, எல்லாப் பக்கமும் நீட்டிக் குறைக்கக்கூடிய ஓர் அளவுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, தையல்காரர் அளவெடுப்பதுபோல் கட்டையின் நீளம், சரிவு, பக்கவாட்டு வளைவு எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள். அங்கே நீளமான கட்டைக்கு நல்ல காரணம் இருந்தது. வேட்டைக்காரர் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடது தோளை முன்னே விட்டு, நிமிர்ந்து நிற்பார். பறவை குறுக்கே பறக்கும். குழல் அதோடு சேர்ந்து சீராக ஓட வேண்டும். கனம் முன்பக்கம் தள்ளியிருந்தால் அந்த ஓட்டம் தடுமாறாமல் இருக்கும். களிமண் தட்டு சுடும் போட்டிகளிலும் இதே கதைதான். ‘ட்ராப்’ ஆட்டத்தில் துப்பாக்கியை முன்கூட்டியே தோளில் பொருத்திக்கொண்டு, ஆற அமரக் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் தட்டை எறியச் சொல்வார்கள். அங்கே 14½ அங்குலமும் வசதியாகவே இருக்கும். தொழிற்சாலை உற்பத்தி வந்தபோது ஒவ்வொருவருக்கும் அளவெடுப்பது நின்றுபோனது. நடுத்தர உயரமுள்ள அமெரிக்க ஆணின் வேட்டை அளவு எல்லோருக்கும் பொது அளவாயிற்று. போலீஸுக்கும் வீட்டுப் பாதுகாப்புக்கும் என்று விற்கும்போது குழலைச் சுருக்கினார்கள், கூடுதல் தோட்டா போட இடம் செய்தார்கள், கறுப்புப் பிளாஸ்டிக் மாட்டினார்கள். கட்டையின் நீளத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

இராணுவங்கள் இந்தப் பாடத்தைக் கற்று, மறந்து, மறுபடி கற்றிருக்கின்றன. நம்மூரில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று பெயர் விளங்கிய லீ என்ஃபீல்டு ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய இராணுவமும் பிறகு மாநிலப் போலீஸும் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்த ஆயுதம் அது. வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையிலும் தயாரானது. அதன் பின்கட்டை தனித்துண்டு. நீளம், சாதாரணம், குட்டை, பேன்டம் என்று அரை அரை அங்குல வித்தியாசத்தில் நான்கு அளவில் அது கிடைத்தது. சாதாரண அளவு அல்லாதவற்றில் எந்த அளவு என்று காட்டும் எழுத்து பொறித்திருக்கும். சிப்பாயின் உடல்வாகைப் பார்த்துக் கட்டையை மாற்றிக் கொடுக்க வழி இருந்தது. லட்சக்கணக்கில் துப்பாக்கி செய்த நூறு வருடத்துக்கு முந்தைய அமைப்பு ஒன்றே உடலுக்கு உடல் அளவு வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு. 1980களில் எம்16ஏ2 வந்தபோது அதன் கட்டையை முந்தைய வடிவத்தைவிட எட்டில் ஐந்து, அதாவது 5/8 அங்குலம் நீட்டினார்கள். மைதானத்தில் படுத்துக் கொண்டு தொலைவிலுள்ள இலக்கைச் சுடுவதற்கு அது பொருந்தியது. சிப்பாய்கள் மார்புக் கவசம் அணிந்து, நேருக்கு நேர் நின்று சண்டையிட வேண்டி வந்தபோது அதே கட்டை இடைஞ்சலாயிற்று. கட்டையை இழுத்துச் சுருக்கிக்கொள்ளும் வசதியுள்ள எம்4 கார்பைன் 1994இல் ஏற்கப்பட்டு, படிப்படியாக எம்16இன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2015இல் அமெரிக்க மரைன் படையும் தன் காலாட்படைக்கு அதையே முதன்மை ஆயுதமாக்கியது. அந்த மாற்றத்துக்கு மொத்த நீளம், எடை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஒரே துப்பாக்கியை உயரமானவரும் குட்டையானவரும், கவசத்தோடும் கவசம் இல்லாமலும் தோளில் பொருத்த முடிந்தது அதன் பெரிய பலம். இன்று ஒருவர் ஏஆர்-15 ரக ரைஃபிள் வாங்கினால் இந்த வசதி கேட்காமலே கிடைக்கிறது. ஷாட்கன் வாங்குபவருக்குத்தான் பழைய வேட்டைக்காரரின் அளவு.

நிற்கும் முறையை வைத்துக் கணக்குப் பார்ப்போம். பக்கவாட்டில் நிற்கும்போது இடது தோள் முன்னே போய்விடுகிறது. இடது கை முன்பிடியை எளிதாக எட்டும். ஆபத்து வந்த திசையைப் பார்த்து மார்பை நேராகத் திருப்பி, முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பை முன்னே சாய்த்து நிற்பதைத்தான் இன்றைய பயிற்சியாளர்கள் சொல்லித்தருகிறார்கள். பயந்த மனிதன் தானாகவே அப்படித்தான் திரும்புகிறான் என்பதால் அது நியாயமும்கூட. அப்படி நின்றால் இரண்டு தோளும் ஒரே கோட்டில் வந்துவிடும். கட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் விசையும் முன்பிடியும் உடம்பை விட்டு விலகிப் போகும். இடது முழங்கை நீண்டு விறைக்கும். 3 கிலோவைத் தாண்டிய கனத்தை அப்படி நீட்டிப் பிடித்தால், அதைச் சமன்செய்ய இடுப்பு தானாகவே பின்னால் வளையும். நீளக் கட்டையைப் பிடித்திருக்கும் குட்டையான ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்: வயிறு முன்னே, தோள் பின்னே, குதிகாலில் எடை. அந்த நிலையில் சுட்டால் துப்பாக்கியின் உதை அவரைப் பின்னுக்குத் தள்ளும். அடுத்த குண்டுக்கு அவர் தயாராவதற்குள் பொன்னான விநாடிகள் போய்விடும். கட்டையின் முனையும் நெஞ்சோரத்துக் குழியில் உட்காராமல் வெளியே நழுவித் தோள்பட்டை எலும்பிலோ புஜத்திலோ போய் நிற்கும். மறுநாள் புஜத்தில் காணும் நீலம் பாரித்த கன்றல் பல சமயம் துப்பாக்கியின் பலத்தைவிடக் கட்டையின் நீளத்தைத்தான் காட்டுகிறது.

பம்ப் துப்பாக்கியில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நான் பார்த்தவரை இதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் முன்பிடியைப் பின்னால் முழுதாக இழுத்து, திரும்ப முன்னால் முழுதாகத் தள்ள வேண்டும். இழுக்கும்போது சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுகிறது. தள்ளும்போது புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிறது. இழுவை பாதியில் நின்றால் பழைய கூடு வெளியேறாது, அல்லது புதியது ஏறாது. தள்ளுதல் கடைசிக் கால் அங்குலத்தில் நின்றுவிட்டால் பூட்டு விழாது. விசையை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கை ஏற்கனவே முழுதாக நீண்டிருப்பவருக்குத் தள்ளுவதற்குக் கொடுக்க மிச்ச நீளம் இல்லை. அந்தக் கடைசிக் கால் அங்குலம்தான் அவருக்கு எட்டாமல் போவது. கட்டையில் ஓர் அங்குலம் குறைத்தால் முழங்கை மடங்கி நிற்கும், இழுக்கவும் தள்ளவும் தசைக்கு இடம் கிடைக்கும். துப்பாக்கி ‘மக்கர் பண்ணுகிறது’ என்று புகார் சொல்பவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் மக்கர் பண்ணியது கட்டை நீளம்தான் என்று நான் கருதுகிறேன்.

யார் சுடப்போகிறார் என்பதுதான் இந்தக் கேள்வியின் மையம். பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கெடுப்பின்படி அமெரிக்கப் பெரியவர்களில் 32 விழுக்காட்டினர் தங்களுக்கென்று துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களில் 72 விழுக்காட்டினர் பாதுகாப்பையே முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஆண்களில் 40 விழுக்காடு, பெண்களில் 25 விழுக்காடு. வாங்கியவரும் இரவில் அதை எடுக்க நேர்பவரும் ஒருவராகவே இருப்பார் என்று இந்த எண்கள் எங்கும் உறுதி தரவில்லை. கணவன் வேலைக்குப் போயிருக்கும்போது மனைவி, மகன் வெளியூரில் இருக்கும்போது அவன் தாய் என்று வீட்டிலுள்ள வேறொருவர் கைக்கு அது போகலாம். அமெரிக்க ஆணின் சராசரி உயரம் ஏறக்குறைய 5 அடி 9 அங்குலம். பெண்ணின் சராசரி 5 அடி 4 அங்குலத்துக்குச் சற்றுக் கீழே. கை நீளமும் தோள் அகலமும் அதற்கேற்பக் குறையும். சராசரி ஆணுக்குப் பொருந்தும் கட்டையை அந்த வீட்டுப் பெண் தோளுக்குக் கொண்டுவரும்போது அதன் முனை அக்குளில் சட்டையோடு மாட்டிக்கொள்ளும். கன்னம் கட்டையின் பின்கோடியில் தொங்கும். கண் குழலின் நேர்கோட்டுக்கு வராது. ஆனால் 12½ அங்குலக் கட்டையை 6 அடி உயரமுள்ளவர் எடுத்தால்? கழுத்தைச் சற்றுச் சுருக்க வேண்டும், முழங்கை கொஞ்சம் அதிகமாக மடங்கும், சுடுவது தடைபடாது. இந்த இரண்டு பிழைகளும் சமமானவை அல்ல. ஒன்று வசதிக்குறைவு, மற்றது ஆயுதத்தையே பயனற்றதாக்குவது. அதனால்தான் வீட்டில் அதை எடுக்க நேரக்கூடியவர்களில் மிகக் குட்டையானவருக்குப் பொருந்தும் அளவே அந்த வீட்டின் அளவு என்கிறேன். சந்தையும் மெதுவாக இந்தப் பக்கம் வருகிறது. பெரெட்டா 1301 டாக்டிக்கல் 13 அங்குலக் கட்டையோடு வருகிறது. மேக்புல் எஸ்ஜிஏ கட்டை இடைத்தகடுகளால் 12½ முதல் 14½ வரை மாற்றக்கூடியது. ஹோக் நிறுவனம் 12 அங்குலத்திலேயே ஒரு கட்டை செய்கிறது. சிறுவர்களுக்கென்று 12, 13 அங்குலத்தில் விற்கும் மாஸ்பெர்க் ‘பேன்டம்’ கட்டைகளை வளர்ந்த மனிதர்கள் வாங்கித் தங்கள் துப்பாக்கிகளில் மாட்டிக்கொள்வதும் நெடுநாள் வழக்கம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது உதை பற்றியது. கட்டை குட்டையானால் துப்பாக்கி அதிகம் உதைக்கும், கட்டைவிரல் மூக்கில் இடிக்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் இது. 12 கேஜ் ‘00 பக்ஷாட்’ தோட்டா ஒன்றில் வழக்கமாக 9 ஈயக்குண்டுகள், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர் விட்டம், எல்லாம் சேர்ந்து 31 கிராம் அளவு. முழு வேகத் தோட்டாவில் அவை நொடிக்கு 400 மீட்டரை ஒட்டிய வேகத்தில் வெளியேறுகின்றன. அவற்றோடு வெளிவரும் வாயுவையும் அடைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், 3.2 கிலோ எடையுள்ள துப்பாக்கி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரும். வேகம் குறைத்துச் செய்த தோட்டாவில் குண்டுகள் 350 மீட்டர் அளவிலேயே போகின்றன. உதையின் ஆற்றல் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் தோட்டாவும் துப்பாக்கியின் எடையும் வருகின்றன. கட்டை நீளத்துக்கு இடமே இல்லை. நீளம் மாற்றுவது அந்த உதையை உடம்பு எந்த இடத்தில், எந்த நிலையில் வாங்குகிறது என்பதை மட்டும். குட்டைக் கட்டையில் முகம் கைக்கு அருகே வருவது உண்மை. கட்டைவிரலைக் கட்டையின் கழுத்தைச் சுற்றிக் குறுக்கே போட்டால் உதையில் அது மூக்கைத் தட்டும். அதே விரலை வலது பக்கமாகவே நேராக நீட்டி வைத்துக்கொண்டால் தட்டாது. மாஸ்பெர்க்கில் பாதுகாப்புப் பொத்தான் மேல்முதுகில் இருப்பதால் அங்கே விரலை அதன்மேலோ பக்கத்திலோ வைத்துக்கொள்வது இயல்பாகவே அமையும். முன்கையால் முன்பிடியை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே பின்கையால் கட்டையைத் தோளுக்கு இழுத்துப் பிடிக்கும் ‘தள்ளு–இழு’ முறையைப் பழகியவர்களுக்கு உதையில் பெரும்பங்கு தோளுக்கு வருமுன்பே கைகளில் கரைந்துவிடுகிறது. இந்த முறைக்கு இரண்டு முழங்கையும் மடங்கியிருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கை விறைக்க நீட்டிப் பிடித்தவர் எதைத் தள்ளுவார்? உதையைப் பற்றிய கவலையே, முடிவில் குட்டைக் கட்டைக்கு ஆதரவாகத் திரும்புகிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 12 அங்குலத்துக்கும் கீழே போனால் உயரமான மனிதரின் கண்ணாடிக்கும் கட்டைவிரலுக்கும் இடையே இடமே இருக்காது. பழைய மரக்கட்டைகளின் மேல்விளிம்பு பின்னோக்கிச் சரிந்து போகும்; கன்னம் முன்னே நகர நகரக் கண் உயரும், குழலின் மேற்பரப்பை அதிகமாகப் பார்க்கும், குண்டு கொஞ்சம் மேலே போகும். சிவப்புப்புள்ளிக் குறிகாட்டி மாட்டியவருக்கு இது உதவியாகக்கூட இருக்கலாம். முனையில் ஒரே ஒரு மணி மட்டும் உள்ள துப்பாக்கிக்கு அது பிழை. அறைக்குள் ஷாட்கன்னுக்குக் குறி தேவையில்லை, அந்தத் திசையில் நீட்டினால் போதும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. அது ஆபத்தான நம்பிக்கை. சாதாரண பக்ஷாட் ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் பரவும் என்பது பழைய தோராயக் கணக்கு. படுக்கையறை வாசலிலிருந்து கூடத்தின் மறுகோடி வரை ஐந்து கஜம் என்றால் குண்டுகள் விழும் வட்டம் ஓர் உள்ளங்கை அகலம்தான். குறி தப்பினால் அத்தனை குண்டும் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். அந்த அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையில் ஒரே இடத்தில் வந்து பதிவது இதனால்தான் இவ்வளவு முக்கியம். பொருந்தாத கட்டையில் அது நடக்காது.

இரண்டாவது எதிர்வாதம் நியாயமானது, பாதி ஏற்கத்தக்கது. குட்டைக் கட்டையின் பெருமை பேசுபவர்கள் போலீஸ்காரரும் சிப்பாயும். அவர்கள் கவசம் அணிபவர்கள். நள்ளிரவில் எழுந்து வருபவர் உடுத்தியிருப்பது பனியன், அவருக்கு எதற்கு அந்தச் சலுகை என்று கேட்கிறார்கள். கவசமும் குளிர்காலக் கோட்டும் கட்டையின் நீளத்தோடு அவற்றின் தடிமனைச் சேர்த்துவிடுகின்றன என்பது சரி. வீட்டுக்காரருக்கு அந்தக் கழிவு தேவையில்லை என்பதும் சரி. அதனால்தான் 12க்குப் போகச் சொல்லாமல் 12½, 13 என்று நிறுத்துகிறேன். நேராக நிற்பதால் வரும் குறுக்கமும், பம்பை முழுதாக ஓட்டக் கை மடங்கியிருக்க வேண்டிய தேவையும் பனியனோடும் அப்படியே இருக்கின்றன. குறுகலான வழிநடையில் திரும்புவதற்குச் சின்னத் துப்பாக்கி வசதி என்று குட்டைக் கட்டையின் ஆதரவாளர்கள் சொல்வதை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிப்படி உள்வழிநடையின் குறைந்தபட்ச அகலம் 3 அடி, அதாவது 36 அங்குலம். 18½ அங்குலக் குழலும் 14 அங்குலக் கட்டையும் உள்ள 870 ஒன்றின் மொத்த நீளம் 38½ அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஒன்றரை அங்குலம் குறைத்தாலும் அது வழிநடையின் அகலத்தைவிட நீளம்தான். உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் பின்னால் பதுங்கி, 911க்குப் போன் செய்து காத்திருங்கள் என்பதே பொறுப்புள்ள பயிற்சியாளர்கள் தரும் அறிவுரை. ஒரு கையில் போன் இருக்கும்போது மறுகை தனியாகத் துப்பாக்கியைத் தாங்க வேண்டும். கனம் உடம்புக்கு எவ்வளவு அருகே இருக்கிறதோ அவ்வளவு நேரம் கை நடுங்காமல் தாங்கும்.

குட்டை நல்லதென்றால் கட்டையே இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லதல்லவா என்று ஒரு கூட்டம் கேட்கிறது. கைப்பிடி மட்டும் உள்ள மாஸ்பெர்க் ‘க்ரூஸர்’ போன்றவை பல ஆண்டுகளாக இருக்கின்றன. 2017இல் 14 அங்குலக் குழலும் பறவைத்தலை வடிவக் கைப்பிடியுமாக மாஸ்பெர்க் 590 ஷாக்வேவ் வந்து பெரும் விற்பனை கண்டது. இதை நான் திட்டவட்டமாக மறுக்கிறேன். நீளத் துப்பாக்கியை நிலைநிறுத்துவது இரண்டு கை, தோள், கன்னம் என்னும் நான்கு பிடிமானங்கள். கட்டையை எடுத்துவிட்டால் இரண்டு போய்விடுகின்றன. மேலே கணக்கிட்ட உதை முழுவதும் மணிக்கட்டில் வந்து விழுகிறது. கண் உயரத்துக்குக் கொண்டுவந்து சுடத் துணிந்தவர் பல்லை இழக்கும் வாய்ப்பும் உண்டு. இடுப்போரமாகப் பிடித்துச் சுட்டால் குண்டு எங்கே போகிறதென்று தெரியாது. சட்டக் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கட்டையை அறுத்தால் ‘அறுத்த ஷாட்கன்’ என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். 1934ஆம் ஆண்டின் தேசிய சுடுகலச் சட்டம் தோளில் வைத்துச் சுடும் ஷாட்கன்னுக்குக் குழல் 18 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது என்கிறது. குறைந்தால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 1939இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த மில்லர் வழக்கும் 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலைப் பற்றியதே. 38 அங்குலத் துப்பாக்கியில் ஒன்றரை அங்குலக் கட்டையைக் குறைத்தவர் அந்த எல்லைக்கு அருகேகூட வரவில்லை. எச்சரிக்கை தேவைப்படுவது வேறொன்றில்: இழுத்துச் சுருக்கும் கட்டையைத் தானியங்கி மறுஏற்ற ஷாட்கன்னில் மாட்டுவது நியூயார்க்கில் சட்டவிரோதமாகலாம், கலிபோர்னியாவில் அதோடு பிஸ்டல் பிடியும் சேர்ந்தால் அப்படி. திருகாணியால் இறுக்கிய நிலையான குட்டைக் கட்டை இந்தச் சிக்கல் எதிலும் மாட்டாது.

இனி, சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? கடைகளில் இன்னும் காட்டப்படும் பழைய சோதனை ஒன்று உண்டு. முழங்கையை மடக்கி, மடிப்பில் கட்டையின் முனையைப் பொருத்தி, ஆள்காட்டி விரல் விசையைத் தொட்டால் அளவு சரி என்பார்கள். அது அளப்பது முன்கையை மட்டும். தோள் அகலம், கழுத்து நீளம், மார்பின் தடிமன், நிற்கும் விதம் எதுவும் அந்த அளவுக்குள் வராது. பக்கவாட்டில் நிற்கும் வேட்டைக்காரருக்கே அது தோராயம்தான். இதைவிட நம்பகமான வழி இருக்கிறது. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை, கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். குண்டு தாங்கும் திசையை நோக்கி, சண்டைக்கு நிற்பதுபோல் நேராக நின்று, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். வழியில் சட்டையிலோ அக்குளிலோ தட்டினால் நீளம் அதிகம். தோளில் வந்ததும் கண்ணைத் திறக்காமலே கன்னத்தை வையுங்கள். இப்போது அருகே நிற்பவர் உங்கள் மூக்கு நுனிக்கும் கட்டைவிரலின் கடைசி மூட்டுக்கும் இடையே விரல் வைத்துப் பார்க்கட்டும். இரண்டு விரல் நுழைந்தால் நல்ல அளவு; நாலு விரல் நுழைந்தால் கட்டை நீளம்; ஒரு விரல்கூட நுழையாவிட்டால் குட்டை. பிறகு முன்பிடியை முழுதாக முன்னே தள்ளியபடி இடது முழங்கையைப் பாருங்கள். அது இன்னும் மடங்கியிருக்க வேண்டும். கடைசியாக, எடையைத் தாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நில்லுங்கள். இடுப்பு பின்னால் வளையத் தொடங்கினால் அந்தக் கட்டை உங்களுக்கு இல்லை. இந்தச் சோதனையை வாங்குபவர் மட்டும் செய்தால் போதாது. வீட்டில் அதை எடுக்கக்கூடிய ஒவ்வொருவரும் செய்ய வேண்டும்.

அளவு தெரிந்ததும் உடனே ரம்பத்தைத் தேட வேண்டாம். இடைத்தகடு உள்ள கட்டை ஒன்றை மாட்டி, 13இல் ஒரு பெட்டி, 12½இல் ஒரு பெட்டி, 25 தோட்டா வீதம் வேகம் குறைந்த குண்டோடு சுட்டுப் பார்த்தால் எது என்று உடம்பே சொல்லிவிடும். மரக்கட்டையை அறுக்கத்தான் வேண்டும் என்றால், பின்னால் வைக்கப்போகும் ரப்பர் பட்டையின் தடிமனை மொத்த நீளத்திலிருந்து முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து ஓர் அங்குலம் பிழைவிட்டவர்கள் உண்டு. அறுக்கும் கோட்டைச் சுற்றிக் காகித நாடா ஒட்டி, நுண்பல் ரம்பத்தால் மெதுவாக அறுத்தால் மரத்தின் விளிம்பு சிதறாது. வெட்டு முகம் குழலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்று நினைப்பது தவறு. கட்டையின் அடிமுனை சற்று முன்னே சாய்ந்திருந்தால்தான் நெஞ்சில் முழுப்பரப்பும் சமமாகப் பதியும், பெண்களுக்கு அந்தச் சாய்வு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். பிளாஸ்டிக் கட்டை உள்ளே பொள்ளல். அதை அறுத்தால் ரப்பர் பட்டையைத் திருகப் பிடிமானம் இருக்காது, ஆகவே குட்டையாகவே செய்த கட்டையை வாங்கிவிடுவது நல்லது. வீட்டின் உயரமான ஆளுக்குக் குறைவாகத் தோன்றினால், இழுத்து மாட்டும் ரப்பர் உறை ஒன்று முக்கால் அங்குலமோ ஓர் அங்குலமோ திரும்பக் கொடுத்துவிடும். அதைப் பயிற்சிக்குப் போகும்போது மட்டும் அவர் மாட்டிக்கொள்ளட்டும். இரவில், பூட்டிய பெட்டிக்குள் துப்பாக்கி இருக்கும்போது, அந்த உறை கழற்றப்பட்டே இருக்க வேண்டும்.